ஊரைக் கூட்டிச் சோறு போட்டால் சொர்க்கம்: மிசோ மக்களின் பழைய நம்பிக்கையும் இன்றைய வாழ்க்கையும்

செத்துப்போனவர்கள் நடந்து போகும் பாதையில் பாவ்லா என்று ஒருவர் காத்திருக்கிறார். உலகத்தில் முதன்முதலில் செத்த மனிதர் அவர்தான். கையில் உண்டிவில். வருகிற ஆவிகளைக் குறிபார்த்து அடிப்பார். அடிபட்டவர்கள் மித்தி குவா என்கிற இறந்தோர் ஊரோடு நின்றுவிட வேண்டியதுதான். அங்கேயும் பிழைப்பு உண்டு, ஆனால் உயிரோடிருந்தபோது பட்ட அதே பாடு. அடிபடாமல் தப்பியவர்கள் பியால் ஆற்றைக் கடந்து பியால்ரால் என்ற அக்கரைக்குப் போவார்கள். அங்கே காடு வெட்ட வேண்டாம், விதைக்க வேண்டாம், நெல் குத்தவும் வேண்டாம். குத்திப் புடைத்த அரிசி உட்கார்ந்த இடத்துக்கே வந்துவிடும்.

மிசோ மக்கள் கிறிஸ்தவர்களாக மாறுவதற்கு முன்பு நம்பி வந்த மறுமை இது. தினமும் விடிவதற்கு முன்பே எழுந்து உரலில் நெல் குத்தியே பொழுது போன ஒரு சமூகம், குத்திய அரிசி சும்மா கிடைக்கும் இடத்தைத்தான் சொர்க்கம் என்று கற்பனை செய்திருக்கிறது. ரொம்ப நியாயமான கற்பனை.

சரி, பாவ்லா யாரை விட்டுவிடுவார்? நல்லவன், கெட்டவன் என்ற கணக்கு அவரிடம் இல்லை. உயிரோடிருந்தபோது 'தாங்சுவா' என்ற நிலையை எட்டியவர்கள்மீது அவர் உண்டை பாயாது. இந்தத் தாங்சுவாவைப் புரிந்துகொண்டால் மிசோ வாழ்க்கையில் பாதி புரிந்துவிடும் என்பது என் எண்ணம். அதற்கு முன் இவர்கள் யார் என்று சுருக்கமாகப் பார்த்துவிடுவோம்.

வடகிழக்கில் வங்கதேசத்துக்கும் மியான்மருக்கும் நடுவே தெற்கு நோக்கி இறங்கும் மலைகள்தான் மிசோரம். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 11 லட்சம். எழுத்தறிவு 91 சதவீதத்துக்கு மேல். மிசோக்கள் பேசுவது திபெத்திய-பர்மிய மொழிக் குடும்பத்தில் குக்கி-சின் கிளையைச் சேர்ந்த மொழி. மணிப்பூரின் குக்கிகள், மியான்மரின் சின் மக்கள், ஹமார், பைத்தே, லாய், மாரா என்று பல பெயர்களில் சிதறிக் கிடக்கும் உறவினர்களில் இவர்களும் ஒரு பிரிவு. சின்லுங் என்ற பாறைத் துளையிலிருந்து மனிதர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள் என்பது இவர்களிடையே பரவலாக உள்ள தோற்றக் கதை. ரால்தே குலத்தார் இருவர் வெளியே வந்ததும் வாய் ஓயாமல் பேசினார்களாம். இதற்குள் கூட்டம் அளவுக்கு மீறிவிட்டது என்று கடவுள் கல்லைப் போட்டுத் துளையை மூடிவிட்டார். ரால்தேக்காரர்களை அதிகம் பேசுகிறவர்கள் என்று சீண்டுவதற்கு இந்தக் கதை இன்றைக்கும் உதவுகிறது.

நமக்கு இவர்கள் ரொம்பத் தூரத்து மனிதர்களும் இல்லை. சென்னையின் எஃப்.சி. அணிக்காகக் கோல் அடித்த ஜேஜே லால்பெக்லுவாவும், பிறகு அதே அணியில் ஆடிய லாலியன்சுவாலா சாங்தேவும் மிசோக்கள். ஜேஜே 2023 தேர்தலில் நின்று சட்டமன்ற உறுப்பினராகவும் ஆகிவிட்டார். லால்தெங்கா, சோரம்தாங்கா, லால்துஹோமா என்று மிசோ ஆண்களின் பெயர்கள் 'ஆ' ஒலியில் முடியும், பெண்களின் பெயர்கள் 'இ' ஒலியில் முடியும். செய்தியில் ஒரு பெயர் கண்ணில் பட்டால் ஆணா பெண்ணா என்று சொல்லிவிடலாம்.

தாங்சுவாவுக்கு வருவோம். அதை எட்ட இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று காட்டு வழி. யானை, கரடி, கடமான், காட்டுப்பன்றி, கேளையாடு, காட்டுமாடு என்று ஒரு பட்டியல் உண்டு. அத்தனையையும் ஒருவன் தன் வாழ்நாளுக்குள் வேட்டையாடியிருக்க வேண்டும். இன்னொன்று வீட்டு வழி. ஊருக்கே விருந்து வைப்பது; ஒரு விருந்தல்ல, வரிசையாகப் பல விருந்துகள். ஒவ்வொன்றுக்கும் பன்றி வெட்ட வேண்டும், சில கட்டங்களில் சியால் வெட்ட வேண்டும். சியால் என்பது வடகிழக்கில் மிதுன் என்று அழைக்கப்படும் கனத்த மாட்டு வகை. ஏர் பூட்டுவதில்லை, பால் கறப்பதுமில்லை. காட்டில் தானாக மேய்ந்து, அவ்வப்போது உப்புக்காக ஊருக்குள் எட்டிப் பார்க்கும். ஒருவன் எவ்வளவு பெரிய ஆள் என்பதற்கு அதுதான் அளவுகோல். பெண்ணுக்குக் கொடுக்கும் பரியத்தையும் அதை வைத்துத்தான் பேசினார்கள்.

இந்த விருந்துகளில் ஒன்றில் செத்துப்போன முன்னோர்களும் கலந்துகொள்வார்கள். மூங்கில் சட்டத்தில் அவர்களைப் போல உருவங்கள் செய்து, நல்ல துணிகளை உடுத்தி, தூக்கிக்கொண்டு ஆடுவார்கள். குலத்தின் மூத்தவர் வந்து ஒவ்வொரு உருவத்துக்கும் கொஞ்சம் ஸூ, அதாவது அரிசிக் கள், கொடுப்பார். வரிசையின் உச்சியில் வருவது குவாங்சோய் என்ற விருந்து. அன்றைக்கு விருந்து வைக்கிறவரையும் அவர் மனைவியையும் மூங்கில் பல்லக்கில் ஏற்றி ஊர் தூக்கிக்கொண்டு போகும். மேலே இருந்து அவர்கள் பொருள்களை அள்ளி வீச, கீழே கூட்டம் முட்டி மோதி எடுக்கும். அது முடிந்தால் அவர் தாங்சுவா. தனி நெசவு கொண்ட ஒரு போர்வை, தனித் தலைப்பாகை, கூடவே வீட்டில் ஜன்னல் வைத்துக்கொள்ளும் உரிமை. ஆமாம், ஜன்னல். அந்தக் காலத்து மிசோ வீட்டில் யார் வேண்டுமானாலும் சுவரில் ஜன்னல் வைத்துவிட முடியாது. அதற்கும் ஊருக்குச் சோறு போட்டிருக்க வேண்டும்.

வீட்டு வழியில் தாங்சுவா ஆனவரோடு அவர் மனைவியும் பியால்ரால் போகலாம். வேட்டை வழியில் வந்தவருக்குத் தனி டிக்கெட்தான். விருந்துக்கு நெல் குத்தியது யார், ஸூ காய்ச்சியது யார் என்று யோசித்தால் இந்த வித்தியாசம் நியாயம்தான் என்று படுகிறது.

ஏன் இப்படி ஒரு ஏற்பாடு? எனக்குத் தோன்றும் பதில், அவர்கள் விவசாயத்தில் இருக்கிறது. மிசோ மலைகளில் நடந்தது ஜூம் சாகுபடி. ஜனவரி, பிப்ரவரியில் சரிவில் உள்ள மூங்கில் காட்டை வெட்டிப் போட்டுக் காய விடுவார்கள். மார்ச்சில் தீ வைப்பார்கள். மழைக்கு முன்னே விதைப்பார்கள். ஓரிரு விளைச்சல் எடுத்துவிட்டு அடுத்த சரிவுக்குப் போவார்கள். நிலம் தனி ஒருவனுக்குச் சொந்தமில்லை; ஆண்டுதோறும் தலைவன் பங்கிட்டுக் கொடுப்பான். அமோகமாக விளைந்துவிட்டால் அந்த நெல்லை என்ன செய்வது? விற்கப் பக்கத்தில் சந்தை இல்லை. சேர்த்துவைத்தால் எலியும் ஈரமும் தின்றுவிடும். வாங்கிப் போட நிலமும் இல்லை. மிச்ச நெல்லைப் பேராக மாற்ற ஒரே வழி, ஊரார் வயிற்றுக்குள் போடுவதுதான். அடுத்த ஆண்டு நம் சரிவில் விளையாமல் போனால் அதே ஊர் நம்மைப் பார்த்துக்கொள்ளும்.

எலி என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. மிசோ மலைகளில் பெருவாரியாக இருக்கும் மௌதாக் மூங்கில் சுமார் 48 ஆண்டுகளுக்கு ஒருமுறை மொத்தமாகப் பூத்துக் காய்த்துச் சாகும். காயைத் தின்று எலிகள் பல்கிப் பெருகும். காய் தீர்ந்ததும் கூட்டம் கூட்டமாக வயலில் இறங்கி ஒரே இரவில் விளைச்சலைத் துடைத்துவிடும். பின்னாலேயே பஞ்சம் வரும். இதற்கு மௌதாம் என்று பெயர். 1911-12, 1958-59, 2007 என்று இது தவணை தவறாமல் வந்திருக்கிறது. 1959 பஞ்சத்தின்போது அரசு காட்டிய மெத்தனத்தால் கொதித்த மக்களிடையே பஞ்ச நிவாரண அமைப்பு ஒன்று உருவானது. அதுவே 1961-ல் லால்தெங்கா தலைமையில் மிசோ தேசிய முன்னணி என்ற கட்சியானது. 1966 மார்ச் 1 அன்று அது விடுதலைப் பிரகடனம் செய்தது. நான்கே நாளில் இந்திய விமானப்படை ஐசால் நகரத்தின்மீது குண்டு போட்டது. இருபது ஆண்டுப் போராட்டம் 1986 ஜூன் 30 ஒப்பந்தத்தில் முடிந்து, 1987 பிப்ரவரி 20 அன்று மிசோரம் தனி மாநிலம் ஆனது. மூங்கில் பூத்ததில் தொடங்கிய அரசியல் வரலாறு வேறெங்கும் இருக்கிறதா என்று தெரியவில்லை.

நம்பிக்கைகளில் மறுமை ஒரு பக்கம் என்றால் அன்றாடம் இன்னொரு பக்கம். எல்லாவற்றையும் படைத்தவர் பதியான். நல்லவர், ஆனால் தொலைவில் இருப்பவர்; அவரால் உபத்திரவம் இல்லை, ஆகவே அவரைத் தினமும் கவனிக்க வேண்டிய அவசியமும் இல்லை. உபத்திரவம் எல்லாம் ஹுவாய்களிடமிருந்து வரும். பெரிய மரம், பாறை, ஊற்று என்று ஒவ்வொன்றிலும் ஒரு ஹுவாய் குடியிருக்கும். காய்ச்சல் வந்தால் ஏதோ ஒரு ஹுவாயின் இடத்தில் கால் வைத்துவிட்டோம் என்று அர்த்தம். அப்போது போல்பு என்ற பூசாரியைக் கூப்பிடுவார்கள். அவர் நாடி பார்த்து, எந்த ஹுவாய் என்று கண்டுபிடித்து, கோழியா பன்றியா ஆடா என்று பலியைச் சொல்வார். ஒரு நோயாளியை எழுப்பி உட்காரவைப்பதற்குள் வீட்டுக் கோழிக்கூடு காலியாகிவிடுவதும் உண்டு.

மித்தி குவாவுக்குப் போகிற ஆவி ரி தில் என்ற ஏரி வழியாகப் போகும். இன்றைய எல்லைப்படி அது மியான்மரின் சின் மாநிலத்தில், தியாவ் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. மிசோரமின் மிகப் பெரிய ஏரி மியான்மரில் இருக்கிறது என்பது அங்கே எல்லோரும் சொல்லும் ஜோக். ஏரியைத் தாண்டிப் போனால் ஹ்ரிங்லாங் குன்று. அங்கே நின்று ஆவி தன் ஊரைத் திரும்பிப் பார்த்து அழும். பிறகு வழியில் ஹோய்லோ பூவைப் பறித்துச் சூடிக்கொள்ளும்; அதற்குப் பின் திரும்பிப் பார்க்கத் தோன்றாது. லுங்லோ நீரைக் குடிக்கும். அதற்குப் பின் ஏக்கம் போய்விடும்.

இப்போது ஒரு சங்கடமான கேள்வி. இத்தனை சியாலும் நெல்லும் யாரிடம் இருக்கும்? தலைவர்களிடமும் ஒரு சில பெரிய வீடுகளிலும்தான். மிசோ கிராமம் என்பது லால் எனப்படும் தலைவனின் ஊர்; ஆங்கிலேயர் வந்த காலத்தில் பெரும்பாலான தலைவர்கள் சைலோ குலத்தார். குடிகள் விளைச்சலில் ஒரு பங்கு நெல் அளக்க வேண்டும், வேட்டையில் விழுந்த விலங்கின் முன்னங்கால் போன்ற ஒரு பாகத்தையும் கொடுக்க வேண்டும். பசியாலோ ஆதரவில்லாமலோ தலைவன் வீட்டில் அடைக்கலம் புகுந்தவர்கள் போய் என்ற நிலைக்கு ஆளானார்கள். விடுபட வேண்டுமானால் விலை கொடுக்க வேண்டும். இது அடிமைத்தனமா, ஆதரவு தரும் வழக்கமா என்று 1910 வாக்கில் பீட்டர் ஃப்ரேசர் என்ற மிஷன் மருத்துவர் ஆங்கிலேய அதிகாரிகளோடு பெரிய சண்டையே போட்டார். தலைவர்களின் உரிமையை ஒழிக்க 1954-ல் சட்டம் வந்தது. சாதாரண ஆள் எத்தனை தலைமுறை உழைத்தாலும் பியால்ரால் எட்டாக்கனிதான்.

ஆனால் சாதாரண ஆளுக்கும் பேர் வாங்க ஒரு வழி இருந்தது. அதுதான் த்லோம்ஙாய்னா. பிறருக்காகத் தன் சுகத்தை விட்டுக்கொடுப்பது, அதைச் சொல்லிக் காட்டாமல் இருப்பது, கஷ்டமான வேலையில் முதல் ஆளாக நிற்பது, சாப்பாட்டில் கடைசி ஆளாக உட்காருவது என்று பல குணங்கள் சேர்ந்த ஒரு நடத்தை விதி இது. பக்கத்து ஊரில் இருக்கும் உறவினருக்குச் சாவுச் செய்தி சொல்ல நடு ராத்திரியில் காட்டு வழியே ஓடுவது, நோயாளியைச் சுமந்துகொண்டு மலை ஏறுவது, விதவையின் காட்டில் களை எடுப்பது எல்லாம் இதில் சேரும். பொதுத் தட்டில் சாப்பிடும்போது யார் முதலில் கையை எடுக்கிறான் என்றுகூடக் கவனிப்பார்கள். சிறந்தவன் என்று ஊர் தேர்ந்தெடுத்தவனுக்குக் கோப்பை நிறைய ஸூ கொடுத்து மரியாதை செய்வதுண்டு. உடனே கை நீட்டி வாங்கிக்கொண்டால் அதுவே ஒரு குறை!

இதையெல்லாம் பழக்கிய இடம் ஸோல்பூக். தலைவன் வீட்டுக்கு அருகில் இருக்கும் பெரிய கூடம். கல்யாணம் ஆகாத இளைஞர்கள் எல்லோரும் ராத்திரி அங்கேதான் படுக்க வேண்டும். மீசை முளைக்காத பையன்கள் தினமும் அதற்கு விறகு கொண்டுவந்து போட வேண்டும், தவறினால் அடி. ராத்திரியில் தீயோ எதிரியோ வந்தால் மொத்தப் படையும் ஒரே இடத்தில் தயாராக இருக்கும். குஸ்தியும் கதையும் கிண்டலும் அங்கேதான். பள்ளிக்கூடமும் தேவாலயமும் வந்த பிறகு இளைஞர்களுக்கு அங்கே போகப் பிடிக்கவில்லை. 1930-களின் கடைசியில் ஸோல்பூக் என்ற ஏற்பாடே முடிவுக்கு வந்தது.

1894 ஜனவரி 11 அன்று லொரேன், சாவிட்ஜ் என்ற இரண்டு மிஷனரிகள் மிசோ மலைக்கு வந்து சேர்ந்தார்கள். ரோமன் எழுத்தில் மிசோ மொழிக்கு எழுத்துமுறை அமைத்தவர்கள் அவர்கள்தான். ஜனவரி 11 இன்றும் மிசோரமில் விடுமுறை நாள். அவர்களுக்குப் பின் 1897-ல் வேல்ஸ் நாட்டிலிருந்து டேவிட் எவான் ஜோன்ஸ் வந்தார். முதல் இரண்டு பேர் ஞானஸ்நானம் பெற்றது 1899-ல். ஐம்பது அறுபது ஆண்டுகளில் ஏறக்குறைய மொத்தச் சமூகமும் மாறிவிட்டது. பள்ளிக்கூடம், மருந்து, ஆங்கிலேய ஆட்சி என்று பல காரணங்களைச் சொல்வார்கள், எல்லாம் சரிதான். ஆனால் புதிய மதம் சொன்ன ஒரு செய்தியின் வலுவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: சியால் வெட்டாமலே அக்கரைக்குப் போகலாம், யாரும் போகலாம், பெண்ணும் தன் பேரிலேயே போகலாம். பாவ்லாவின் உண்டிவில்லுக்குப் பயந்த ஏழைக்கு இது எவ்வளவு பெரிய செய்தி! கடவுளுக்குப் புதுப் பெயர்கூடத் தேடவில்லை. மிசோ பைபிளிலும் அவர் பதியான்தான்.

கொடுத்துப் பேர் வாங்கும் பழக்கம் மட்டும் போகவில்லை, வடிவம் மாறிக்கொண்டது. 1910-ல் தொடங்கிய பூஃபாய் தாம் இதற்கு நல்ல உதாரணம். நம் ஊரில் பிடியரிசி ஒதுக்குவதைப் போலத்தான்: வீட்டுப் பெண் ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனிப் பாத்திரத்தில் போடுவார். தேவாலயத்துப் பெண்கள் வீடு வீடாகச் சேகரிப்பார்கள். அதை விற்று வரும் பணம் தேவாலய வேலைகளுக்குப் போகும். இன்றைக்கு அது ஆண்டுக்குப் பல கோடி ரூபாய். சியால் வெட்ட வசதியில்லாத வீட்டிலும் ஒரு பிடி அரிசி இருக்கும் அல்லவா?

ஸோல்பூக் செய்த வேலையில் பெரும்பகுதியை இப்போது செய்வது ஒய்.எம்.ஏ. என்று எல்லோரும் அழைக்கும் இளம் மிசோ சங்கம். 1935 ஜூன் 15 அன்று தொடங்கியது. ஒவ்வொரு பகுதியிலும் கிளை உண்டு. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் பகுதியின் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வரும். சங்கத்து இளைஞர்கள் குழி வெட்டப் போவார்கள். ராத்திரி சாவு வீட்டில் கூட்டமாக உட்கார்ந்து, தோல் முரசு அடித்து, மெல்ல இழுத்துப் பாடும் பாட்டுகளைப் பாடிக்கொண்டிருப்பார்கள். சாவு வீட்டாரைத் தனியே விடக் கூடாது என்பதுதான் நோக்கம். 2021 ராணுவப் புரட்சிக்குப் பின் மியான்மரிலிருந்து சின் மக்களும், 2023 வன்முறைக்குப் பின் மணிப்பூரிலிருந்து குக்கி-சோ மக்களும் ஆயிரக்கணக்கில் வந்தபோது, அரிசியும் துணியும் திரட்டி முதலில் ஓடியவர்களில் இந்தச் சங்கத்தாரும் தேவாலயத்தாரும் இருந்தார்கள். ஐசாலிலிருந்து கிழக்கே போகும் நெடுஞ்சாலையில், சேலிங் பக்கம், ஆள் இல்லாத மூங்கில் கடைகளைப் பார்க்கலாம். காய்கறி, பழம், விலை எழுதிய அட்டை, பணம் போட ஒரு டப்பா. கடைக்காரர் காட்டு வேலைக்குப் போயிருப்பார்.

இந்தக் கடைகளின் படத்தைப் போட்டு 'இந்தியாவின் நேர்மையான மாநிலம்' என்று உருகுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் அலுப்பாக இருக்கும். ஊர் முழுக்க ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் சமூகம், ஊர் முழுக்க ஒருவரையொருவர் கண்காணிக்கவும் செய்யும். சங்கத்தின் கூட்டு வேலைக்கு வராவிட்டால் முகச்சுளிப்பு. குடியையும் போதையையும் ஒடுக்குகிறோம் என்று தொண்டர்கள் எல்லை மீறுவதாகப் புகார்களும் உண்டு. பெண்களின் நிலையும் சொல்லிக்கொள்ளும்படி இருந்ததில்லை. வேலியையும் பெண்டாட்டியையும் மாற்றிக்கொள்ளலாம் என்ற பொருளில் ஒரு பழமொழியே இருக்கிறது. 'உன்னை விட்டுவிட்டேன்' என்று கணவன் ஒரு வார்த்தை சொன்னால் மணமுறிவு என்ற வழக்கத்துக்கு 2014-ல் வந்த மிசோ திருமணச் சட்டம்தான் கடிவாளம் போட்டது. பெண்களுக்குச் சொத்தில் பங்கு கிடைக்கவும் அந்தச் சட்டம் வழி செய்தது.

பழைய திருவிழாக்களில் சாப்சார் குட் நன்றாகப் பிழைத்திருக்கிறது. காடு வெட்டி முடிந்து, வெட்டியது காயும்வரை வேலை இல்லாத அந்த இடைவெளியில் கொண்டாடும் விழா. ஆரம்பத்தில் தேவாலயம் இதன் ஸூவையும் ஆட்டத்தையும் விரும்பவில்லை. பிறகு பலியும் கள்ளும் இல்லாத பண்பாட்டு விழாவாக மீண்டு வந்தது. இப்போது மார்ச் மாத முதல் வெள்ளிக்கிழமை அரசு விடுமுறை. மூங்கில் கழிகளைத் தட்டத் தட்ட நடுவே கால் வைத்து ஆடும் செரோ ஆட்டத்தை அன்றைக்குப் பார்க்கலாம். அது முன்பு பிரசவத்தில் இறந்த பெண்ணின் ஆவி நல்லபடியாகப் போய்ச் சேர ஆடியது என்று சொல்கிறார்கள். ஒருவர் வாயில் ஒருவர் சோற்றையும் அவித்த முட்டையையும் திணித்து விளையாடும் சௌங்ஙோட் என்ற வழக்கமும் இந்த விழாவுக்கு உரியதுதான்.

நேரில் பார்க்க நினைக்கிறவர்களுக்கு: வெளி மாநிலத்தவருக்கு உள் எல்லை அனுமதிச் சீட்டு தேவை, லெங்புய் விமான நிலையத்தில் இறங்கியும் வாங்கலாம். தலைவன் வீடும் ஸோல்பூக்கும் எப்படி இருந்தன என்று பார்க்க ஐசாலிலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் இருக்கும் ரெய்யெக் மாதிரிக் கிராமத்துக்குப் போக வேண்டும். பயணத்தை ஞாயிற்றுக்கிழமையில் வைத்துக்கொள்ளாதீர்கள். அன்று எல்லோரும் தேவாலயத்தில் இருப்பார்கள், ஒரு டீக்கடைகூடத் திறந்திருக்காது.